அலிகரை விட்டு வெளியேறிய மாணவர்: டாக்டர் ஜாகிர் ஹுசைன்



நம் மஹல்லாப் பிள்ளைகள் பலர் நாகர்கோவிலிலும் வெளியூர்களிலும் கல்லூரியில் படிக்கிறார்கள். அங்கே ஓர் அநியாயத்தைக் கண்டால் வாய் திறக்கலாமா, திறந்தால் படிப்பு போய்விடுமா? இந்தப் பயம் பிள்ளைகளுக்கும் உண்டு, பெற்றோரான உங்களுக்கும் உண்டு. ஆகவே டாக்டர் ஜாகிர் ஹுசைன் அவர்களின் வாழ்வைக் கொஞ்சம் கவனியுங்கள்.

1897-ல் ஹைதராபாத்தில் பிறந்தார். சிறு வயதிலேயே தந்தையையும் தாயையும் இழந்தார். அலிகர் கல்லூரிதான் அவரை ஆளாக்கியது. 1920-ல் அங்கே மேற்படிப்பு படித்துக்கொண்டே பாடமும் நடத்தினார். வயது 23. அந்த அக்டோபரில் காந்தியடிகளும் மௌலானா முஹம்மது அலியும் அலிகர் வந்தார்கள். பிரிட்டிஷ் அரசின் மானியத்தைக் கல்லூரி உதற வேண்டும் என்றார்கள். நிர்வாகம் மறுத்தது. எதிர்காலம் கையில் இருந்தும், ஜாகிர் ஹுசைன் தோழர்களோடு வெளியேறினார்.

1920 அக்டோபர் 29, வெள்ளிக்கிழமை. அதே கல்லூரியின் பள்ளிவாசலில் ஜாமிஆ மில்லிய்யா இஸ்லாமிய்யா உதயமானது. மால்டா சிறையிலிருந்து அந்த ஆண்டுதான் மீண்டிருந்த ஷைகுல் ஹிந்த் மஹ்மூதுல் ஹஸன் (ரஹ்) அவர்கள், கடும் நோயோடு வந்து அதைத் தொடங்கி வைத்தார்கள். அவர்களுடைய உரையை வேறொருவர்தான் வாசிக்க வேண்டியிருந்தது. அடுத்த மாதமே வஃபாத்தானார்கள்.

வெளியேறுவது ஒரு நாள் வேலை. அதன் பிறகுதான் சோதனை. வகுப்புகள் கூடாரங்களில் நடந்தன. 1924-ல் கிலாஃபத் முடிந்ததும் பணவரவு வற்றியது. மூடிவிடலாமா என்ற பேச்சு எழுந்தது. பெர்லினில் டாக்டர் பட்டம் பெற்ற ஜாகிர் ஹுசைன், 1926-ல் இரண்டு நண்பர்களோடு திரும்பி வந்து, டெல்லிக்கு மாறியிருந்த ஜாமிஆவின் துணைவேந்தர் பொறுப்பை ஏற்றார். மாதம் 150 ரூபாய்க்கு மேல் வாங்காமல் 20 ஆண்டுகள் உழைப்போம் என்று அவரும் சக ஆசிரியர்களும் உறுதி எடுத்தார்கள். 1935-ல் ஓக்லாவில் கட்டடம் எழுப்பியபோது, அடிக்கல் நாட்டியவர் தலைவர் அல்ல. ஜாமிஆவின் மிகச் சிறிய மாணவர்!

1947 கலவரத்தில் ஜலந்தர் ரயில் நிலையத்தில் அவர் உயிர் போகும் நிலை வந்தது. ஒரு சீக்கியரும் ஓர் இந்துவும் காப்பாற்றினார்கள். மறு ஆண்டு, பிரிவினையால் தத்தளித்த அலிகருக்கே துணைவேந்தராகச் சென்றார். எந்த வாசலை எதிர்த்து வெளியேறினாரோ, அந்த வாசலைக் காக்கவே திரும்பினார். அவர் எதிர்த்தது அநியாயத்தை. தம்மை வளர்த்த கல்விக்கூடத்தை அல்ல.

1967-ல் குடியரசுத் தலைவரானார். 1969 மே 3-ல் வஃபாத்தானார். ஜாமிஆ வளாகத்திலேயே அடக்கமானார்.

அன்பு இளைஞர்களே, அநியாயத்துக்கு எதிராக நில்லுங்கள். தனியாக நிற்காமல் தோழர்களோடு நில்லுங்கள். கோஷம் ஓய்ந்த பிறகும் உழைக்க இருங்கள். பெற்றோர்களே, பிள்ளை நியாயம் பேசும்போது வாயை அடைக்காதீர்கள். பக்குவமாகப் பேசக் கற்றுக்கொடுங்கள்.

வல்ல ரஹ்மான் நம் பிள்ளைகளுக்குப் பயனுள்ள கல்வியையும், நீதியில் நிலைத்து நிற்கும் உள்ளத்தையும் தந்தருள்வானாக! ஆமீன்.