திருநள்ளாற்று ஏடும் சம்பந்தர் வாழ்வும்

காரைக்காலை அடுத்த திருநள்ளாற்றின் பெயர் நம்மனோர் செவியில் சற்றே உறுத்தும். மதுரை அனல் வாதத்தில் எரியாது நின்றதெனச் சைவர் போற்றும் ஏடு, திருஞானசம்பந்தர் அத்தலத்தின்மேல் பாடிய பதிகமே.

கி.பி. 7ஆம் நூற்றாண்டில் சீகாழியில் சிவபாத இருதயருக்கும் பகவதியாருக்கும் மகவாய்த் தோன்றியவர் அவர். 3ஆம் வயதில் பாடியதாகப் புராணம் கூறும் முதற் பதிகத்திலேயே, பத்தாம் பாடல் சமணரையும் பௌத்தரையும் பழிக்கிறது. பின்வந்த பதிகங்களிற் பலவும் அவ்வாறே. பால்மணம் மாறாத குழவிக்கு நம்மீது என்ன பகை? அரசரின் ஆதரவுக்காகச் சமயங்கள் பொருத காலத்தில், இல்லத்திலும் கோயிலிலும் கேட்டதையே அப்பிள்ளை பாடிற்று எனக் கொள்வதே பொருந்தும். தாழ்ந்த குலத்தவரென ஒதுக்கப்பட்ட திருநீலகண்ட யாழ்ப்பாணரை அவர் என்றும் தம்முடன் வைத்திருந்தார். நம் சங்கத்தில் தருமசேனராய் விளங்கிப் பின் நீங்கிய நாவுக்கரசரை அப்பரே என்றழைத்தார். வெறுப்பு அவர் இயல்பன்று.

எண்ணாயிரவர் கழுவேற்றம் பற்றி அவர் பதிகங்களில் ஒரு சொல்லும் இல்லை. பிற்காலத்து நம்பியாண்டார் நம்பியும் 12ஆம் நூற்றாண்டுச் சேக்கிழாருமே அதனைக் கூறுகின்றனர். சேக்கிழாரும், சம்பந்தர் பகையுணர்வு இல்லாதவர். எனினும் மடத்திற்குத் தீயிட்டதை எண்ணி வேந்தன் செயலை விலக்காதிருந்தார் என்கிறார். அந்த மௌனமே நம் நெஞ்சை இன்றும் வருத்துவது. கேட்டுப் பழகிய வசை தலைமுறைதோறும் வளர்ந்து கதையாகி, கோயிற் சுவரில் ஓவியமும் ஆயிற்று.

16ஆம் வயதில், நல்லூர்ப் பெருமணத்தில் தம் திருமண நாளன்றே சம்பந்தர் சோதியிற் கலந்தார் என்பர். யாழ்ப்பாணரும் உடன் சென்றார்.