மூன்று ஆசியப் போட்டிகளில் இந்திய கோலைக் காத்த தங்கராஜ்

புது தில்லி: இந்தியக் கால்பந்து அணி உலக அரங்கில் மதிக்கப்பட்ட காலத்தில், அதன் கோல்கீப்பராக நீண்ட காலம் விளங்கியவர் பீட்டர் தங்கராஜ்.

1935-ல் ஹைதராபாதில் பிறந்த அவர், செகந்தராபாத் கிளப்புகளில் தொடக்கத்தில் முன்கள வீரராக ஆடினார். 1953-ல் ராணுவத்தில் சேர்ந்தார். வெலிங்டன் மெட்ராஸ் ரெஜிமென்ட் மைய அணியில் கோல்கீப்பராகப் புகழ் பெற்றார். அந்த அணி 1955, 1958 ஆகிய ஆண்டுகளில் தில்லியில் டூரண்ட் கோப்பையைக் கைப்பற்றியது.

1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் நான்காம் இடம் பெற்ற இந்திய அணியில் அவருடன் கேரளத்தின் ஒற்றப்பாலத்தைச் சேர்ந்த நாராயணனும் கோல்கீப்பராக இடம்பெற்றார். 1958-ல் ஆசியாவின் சிறந்த கோல்கீப்பராகத் தங்கராஜ் தேர்வு செய்யப்பட்டார். 1960 ரோம் ஒலிம்பிக்கில் பிரான்ஸுடன் இந்தியா 1-1 என டிரா செய்தது. அதே பருவத்தில் கோழிக்கோட்டில் நடைபெற்ற சந்தோஷ் கோப்பைப் போட்டியில், அவர் தலைமையிலான சர்வீசஸ் அணி வங்காளத்தை வென்று சாம்பியன் ஆனது.

அவருக்குப் பெரும் சோதனை 1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் வந்தது. முதல் ஆட்டத்தில் இந்தியா தென் கொரியாவிடம் 0-2 எனத் தோற்றது. காய்ச்சலால் தங்கராஜ் ஓய்வில் இருக்க, பிரத்யுத் பர்மன் கோலைக் காத்தார். இறுதி ஆட்டத்தில் மீண்டும் தென் கொரியாவே எதிரணி. இஸ்ரேல், தைவான் விவகாரத்தால் உள்ளூர் ரசிகர்களும் இந்தியாவுக்கு எதிராக இருந்தனர். உடல் தேறிய தங்கராஜையே பயிற்சியாளர் ரஹீம் களமிறக்கினார். பி.கே. பானர்ஜி, ஜர்னைல் சிங் ஆகியோர் 20 நிமிஷங்களுக்குள் கோல் அடித்தனர். இறுதிக் கட்டத்தில் மட்டுமே கொரியாவால் ஒரு கோல் போட முடிந்தது. 2-1 என வென்ற இந்தியாவுக்குத் தங்கம் கிடைத்தது.

1966 பாங்காக் போட்டி அவரது மூன்றாவது ஆசிய விளையாட்டு. மறு ஆண்டு அர்ஜுனா விருது பெற்றார். கொல்கத்தாவின் மோகன் பகான், ஈஸ்ட் பெங்கால், முகமதன் ஸ்போர்ட்டிங் ஆகிய மூன்று அணிகளுக்கும் ஆடிய அவர், 1971-ல் ஓய்வு பெற்றார். பின்னர் கோவாவின் வாஸ்கோ அணிக்கும், பொகாரோ உருக்காலையிலும் பயிற்சியாளராகப் பணியாற்றினார். 2008 நவம்பர் 24-ல் பொகாரோவில் காலமானார்.

கோல் அடித்தவர்களின் பெயர்களே பெரும்பாலும் நினைவுகூரப்படுகின்றன. ஆனால், ஒரு கோல் வித்தியாசத்தில் கிடைத்த அந்தத் தங்கத்தில் தங்கராஜின் கைகளுக்கும் சம பங்கு உண்டு. அதன் பிறகு ஆசிய விளையாட்டுக் கால்பந்தில் இந்தியா தங்கம் வென்றதில்லை.