இராபர்ட்டு கால்டுவெல்

இராபர்ட்டு கால்டுவெல் (மே 7, 1814 - ஆகஸ்டு 28, 1891) அயர்லாந்தில் பிறந்து, தமிழ்நாட்டின் திருநெல்வேலிப் பகுதியில் ஏறத்தாழ அரை நூற்றாண்டுக் காலம் வாழ்ந்த கிறித்தவ சமயப் பரப்புநரும் மொழியியல் அறிஞரும் ஆவார். தமிழ், தெலுங்கு, கன்னடம், மலையாளம், துளு முதலிய மொழிகள் சமஸ்கிருதத்திலிருந்து பிறந்தவை அல்ல, அவை தனியொரு மொழிக் குடும்பம் என்பதை விரிவான சான்றுகளுடன் நிறுவியவர் இவரே. 1856ஆம் ஆண்டில் வெளியான இவரது "திராவிட அல்லது தென்னிந்தியக் குடும்ப மொழிகளின் ஒப்பிலக்கணம்" என்னும் நூல் திராவிட மொழியியலின் தொடக்க நூலாகக் கருதப்படுகின்றது. சொற்றொடர் அமைப்பு மொழிக்கு மொழி எவ்வாறு வேறுபடுகின்றது என்பதைத் தமிழை முன்வைத்து ஆராய்ந்த முன்னோடிகளுள் இவரும் ஒருவர். அவ்வாராய்ச்சியில் இவர் கண்ட முடிவுகளுள் ஒன்று நிலைபெற்றது. மற்றொன்று பிற்காலத்தில் கைவிடப்பட்டது.

பிறப்பும் கல்வியும்

கால்டுவெல் அயர்லாந்தின் ஆண்ட்ரிம் பகுதியில் உள்ள கிளாடி என்னும் ஊரில் பிறந்தார். பெற்றோர் ஸ்காட்லாந்து மரபினர். இவர் சிறுவனாக இருந்தபோதே குடும்பம் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகருக்குக் குடிபெயர்ந்தது. இளமையில் டப்ளின் நகரில் சில காலம் ஓவியம் பயின்றார். பின்னர் சமயப் பணியில் நாட்டம் கொண்டு, கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் சேர்ந்து பட்டம் பெற்றார். அங்கு கிரேக்க மொழிப் பேராசிரியராக இருந்த டேனியல் சாண்ட்ஃபோர்டின் வகுப்புகள் இவருக்கு ஒப்பியல் மொழி ஆய்வில் ஆர்வத்தை ஊட்டின. சமஸ்கிருதம், கிரேக்கம், இலத்தீன் ஆகியவை ஒரே மூலத்திலிருந்து பிறந்தவை என்னும் கருத்து ஐரோப்பாவில் வேரூன்றி வந்த காலம் அது.

இந்திய வருகை

இலண்டன் மிஷனரி சங்கத்தின் சார்பில் மேரி ஆன் என்னும் கப்பலில் புறப்பட்ட கால்டுவெல், 1838ஆம் ஆண்டு ஜனவரி 8ஆம் நாள் சென்னையில் வந்திறங்கினார். தெலுங்கு அறிஞர் சி. பி. பிரௌன் அதே கப்பலில் பயணம் செய்தார். சென்னையில் மூன்று ஆண்டுகளுக்கு மேல் தங்கித் தமிழ் பயின்றார்.

1841ஆம் ஆண்டில் அச்சங்கத்திலிருந்து விலகி இங்கிலாந்துத் திருச்சபையில் சேர்ந்தார். அவ்வாண்டே உதகமண்டலத்தில் குருப்பட்டம் பெற்றார். மக்களையும் அவர்களது பேச்சையும் நேரில் அறிந்துகொள்ள விரும்பிய இவர், சென்னையிலிருந்து சிதம்பரம், தஞ்சாவூர், திருச்சிராப்பள்ளி வழியாக நீலகிரிக்கும், அங்கிருந்து மதுரை வழியாகத் திருநெல்வேலிக்கும் பெரும்பாலும் கால்நடையாகவே சென்றார். 1841ஆம் ஆண்டின் இறுதியில் திருநெல்வேலிப் பகுதியின் தென்கோடியில், பனைமரங்கள் நிறைந்த தேரிக்காட்டை ஒட்டிய இடையன்குடி என்னும் சிற்றூரை அடைந்தார். அதுவே இவரது வாழ்விடமாயிற்று.

இடையன்குடி வாழ்க்கை

1844ஆம் ஆண்டில் எலைசா மால்ட் என்பவரை மணந்தார். நாகர்கோவிலில் சமயப் பணியாற்றிய சார்லஸ் மால்ட்டின் மகளான எலைசா, அவ்வூரிலேயே வளர்ந்தவர். பேச்சுத் தமிழை நன்கு அறிந்தவர். இடையன்குடியில் பெண்களுக்குப் பள்ளி நடத்தியதோடு, சரிகைப் பின்னல் வேலையையும் கற்றுக்கொடுத்தார். கால்டுவெல் ஊரின் தெருக்களை ஒழுங்குபடுத்தினார்; கிணறுகளும் பள்ளிகளும் அமைத்தார். 1847ஆம் ஆண்டில் தொடங்கிய தூய திரித்துவ ஆலயத்தின் கட்டுமானம் 1880ஆம் ஆண்டிலேயே நிறைவுற்றது.

ஒப்பிலக்கணம்

தென்னிந்திய மொழிகள் தனிக் குடும்பம் என்னும் கருத்தை முதலில் வெளியிட்டவர் கால்டுவெல் அல்லர். சென்னையில் ஆட்சியராக இருந்த எஃப். டபிள்யூ. எல்லிசு 1816ஆம் ஆண்டில், ஏ. டி. கேம்பெல் எழுதிய தெலுங்கு இலக்கண நூலுக்கு அளித்த குறிப்பில் இக்கருத்தை நிறுவினார். வேர்கள், சொற்கள், தொடர் அமையும் முறை ஆகிய மூன்றையும் அவர் சான்றாகக் காட்டினார். ஆனால் எல்லிசு 1819ஆம் ஆண்டில் இறந்தமையால் அம்முயற்சி தொடரவில்லை.

கால்டுவெல் உடல்நலம் கருதி 1854ஆம் ஆண்டில் இங்கிலாந்து சென்று, 1857ஆம் ஆண்டுவரை அங்கே தங்கியிருந்தார். அக்காலத்தில்தான் ஒப்பிலக்கணம் இலண்டனில் அச்சேறியது. இந்நூல் ஒலிகள், வேர்கள், பெயர், எண்ணுப்பெயர், மூவிடப்பெயர், வினை, சொல் ஒற்றுமைகள் எனப் பகுக்கப்பட்டுள்ளது. குடும்பத்தின் பெயருக்குத் "திராவிட" என்னும் வடமொழிச் சொல்லை எடுத்துக்கொண்டார். 1875ஆம் ஆண்டில் வெளிவந்த விரிவான இரண்டாம் பதிப்பில் திருந்திய மொழிகள் ஆறு (தமிழ், மலையாளம், தெலுங்கு, கன்னடம், துளு, குடகு), திருந்தா மொழிகள் ஆறு (தோடா, கோத்தா, கோண்டி, கூ, ஒராவோன், இராச்மகால்) எனப் பன்னிரண்டு மொழிகளைக் கணக்கிட்டார். திருந்திய, திருந்தா என்னும் பகுப்பு அக்காலத்திற்கு உரியது. இன்றைய மொழியியலார் அதனை ஏற்பதில்லை.

இவரது சான்றுகளின் வலிமை அடிப்படைச் சொற்களிலும் உருபுகளிலும் இருந்தது. முன்னிலை ஒருமையைத் தமிழும் மலையாளமும் நீ என்கின்றன. கன்னடம் நீனு என்றும் தெலுங்கு நீவு என்றும் கூறுகின்றன. மூன்று என்னும் எண் தெலுங்கில் மூடு, கன்னடத்தில் மூறு, மலையாளத்தில் மூந்நு. நான்காம் வேற்றுமை உருபான கு சிறு மாற்றங்களுடன் இம்மொழிகளில் காணப்படுகின்றது. இவற்றுக்கு ஈடான சமஸ்கிருத வடிவங்கள் முற்றிலும் வேறானவை. கடன் வாங்கிய சொற்கள் எத்தனை மிகுந்திருந்தாலும், இத்தகைய அடிப்படைகள் எளிதில் கடனாக வருவதில்லை என்பதே இவரது வாதம்.

சொற்றொடர் அமைப்பு பற்றிய ஆய்வு

ஒப்பிலக்கணத்தில் தொடரியலுக்கெனத் தனிப் பகுதி இல்லை. எனினும் நூலின் முன்னுரையில் சமஸ்கிருதமும் திராவிட மொழிகளும் வேறுபடும் இடங்களைப் பட்டியலிட்டபோது, தொடரமைப்பு தொடர்பான பலவற்றைக் கால்டுவெல் சுட்டிக்காட்டினார். அவற்றுள் முக்கியமானவை:

- பெயருக்கு முன்னே இடைச்சொல் நிற்பதில்லை. உருபுகளும் சொல்லுருபுகளும் பெயருக்குப் பின்னே வருகின்றன.
- பெயரடை, தான் தழுவும் பெயருக்கேற்பத் திரிவதில்லை.
- இணைப்புச் சொற்களால் வினைகளைத் தொடுப்பதைவிட, வினையெச்சங்களால் தொடுப்பதே இயல்பு.
- யார், எது என்னும் பொருளில் வாக்கியங்களை இணைக்கும் பெயர்களுக்கு மாறாகப் பெயரெச்சம் பயன்படுகின்றது.
- உடன்பாட்டு வினையைப் போல எதிர்மறை வினைக்கும் தனி வடிவம் உண்டு (செய்வேன், செய்யேன்).
- கேட்பவரை உட்படுத்தும் நாம், உட்படுத்தாத நாங்கள் என்னும் வேறுபாடு உண்டு.
- தழுவும் சொல் முன்னும் தழுவப்படும் சொல் பின்னுமாக அமைகின்றன. எழுவாய் முதலிலும் முற்றுவினை இறுதியிலும் நிற்கின்றன.

இறுதியாகக் கூறப்பட்டதை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். காஞ்சிபுரம் வரதராசப் பெருமாள் சித்ரா பௌர்ணமியன்று அருகிலுள்ள ஐயங்கார்குளத்தின் நடவாவிக் கிணற்றுக்கு எழுந்தருளுவது வழக்கம். இதனைக் கண்ட ஒருவர், "ஐயங்கார்குளத்துக் கிணற்றுக்கு எழுந்தருளிய பெருமாளைக் கண்டேன்" என்பார். இதே செய்தியை ஆங்கிலத்தின் வரிசையில் அடுக்கினால், "நான் கண்டேன் பெருமாளை, எவர் எழுந்தருளினாரோ, கிணற்றுக்கு, ஐயங்கார்குளத்தின்" என்று ஏறக்குறையத் தலைகீழாகிவிடும். தமிழில் விளக்கங்கள் எல்லாம் முன்னே குவிந்து, அவை சாரும் சொல் பின்னே வருகின்றது. சமஸ்கிருதத்தில் சொல்வரிசை பெரிதும் நெகிழ்வானது. அங்கே எவன், அவன் என்னும் இணைப்பெயர்களால் வாக்கியங்களைத் தொடுப்பது பெருவழக்கு.

சித்திய மொழிகளுடன் ஒப்பீடு

திராவிட மொழிகள் வடமொழிக் குடும்பத்தைச் சேர்ந்தவை அல்ல எனில், அவற்றின் உறவு எங்கே என்னும் வினா எழுந்தது. துருக்கியம், மங்கோலியம், பின்னியம் முதலியவற்றை அக்காலத்தவர் சித்திய மொழிகள் என்று ஒன்றாக அழைத்தனர். கால்டுவெல் திராவிட மொழிகளை இக்கூட்டத்துடன் இணைத்தார். சில பெயர்களின் ஒலி ஒற்றுமையுடன், ஒட்டுநிலையும் தொடரமைப்பும் ஒத்திருப்பதற்கும் இவர் பெரும் இடம் தந்தார். பாரசீகத்தின் பெகிசுத்தூன் பாறைக் கல்வெட்டில் உள்ள, அப்போது சித்தியம் எனக் கருதப்பட்ட மொழியையும் ஒப்பிட்டார். அது ஈலாமிய மொழி என இன்று அறியப்படுகின்றது.

ஒற்றுமை வியப்பூட்டுவதே. நேற்று வந்த குழந்தை என்பதைத் துருக்கியர் தூன் கெலென் சொசுக் என்பர். சப்பானியர் கினோ கித்த கொதொமோ என்பர். மூன்றிலும் சொல்வரிசை ஒன்றே. ஆயினும் இவ்வரிசை ஒன்றாக இருப்பது உறவுக்குச் சான்றாகுமா என்பதே சிக்கல்.

இன்றைய பார்வை

இருபதாம் நூற்றாண்டின் ஆய்வுகள் இதற்கு ஆகாது என்று விடையளித்தன. ஜோசப் கிரீன்பெர்க் 1963ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில், கன்னடம் உள்ளிட்ட 30 மொழிகளை ஒப்பிட்டார். எழுவாய், செயப்படுபொருள், பயனிலை என்னும் வரிசை கொண்ட மொழிகளில் உருபுகள் பெயருக்குப் பின்னே வருவதே மிகப் பெரும்பான்மை என அவர் கண்டார். அதாவது, கால்டுவெல் தனித்தனிச் சான்றுகளாக எண்ணிய பண்புகளுள் சில ஒன்றையொன்று சார்ந்து வருபவை. உறவே இல்லாத மொழிகளிலும் அவை சேர்ந்தே தோன்றக்கூடும்.

மேலும், அண்டை மொழிகள் நெடுங்காலம் பழகுவதாலும் தொடரமைப்பு ஒன்றுபடும். ஒப்பிலக்கணம் வெளிவந்து சரியாக நூறு ஆண்டுகளுக்குப் பின், 1956ஆம் ஆண்டில், எம். பி. எமனோ இந்தியாவை ஒரு மொழியியற் பரப்பு என விளக்கினார். வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டேன் என்பதை இந்தியில் கர் ஜாகர் கானா காயா என்பர். போய் என்னும் எச்சத்தின் இடத்தில் ஜாகர் நிற்கின்றது. எனக்குப் பசிக்கிறது என்பதற்கு இந்தியிலும் எனக்கு என்னும் பொருளுடைய முஜே வருகின்றது. சிங்களம் இந்திய-ஆரிய மொழியாயினும், நேற்று வந்த குழந்தை என்பதைத் தமிழின் வரிசையிலேயே ஈயே ஆப்பு லமயா எனக் கூறும். இந்தியும் ஆங்கிலமும் ஒரே குடும்பத்தவை, ஆனால் வினையின் இடம் வேறு. இந்தியும் தமிழும் வெவ்வேறு குடும்பத்தவை, ஆனால் வினையின் இடம் ஒன்று. வட இந்திய மொழிகளின் அமைப்பில் சமஸ்கிருதம் அல்லாத கூறு உள்ளதா என்னும் வினாவைக் கால்டுவெலும் ஆராய்ந்துள்ளார்.

ஆகவே, சொல்லையும் உருபையும் கொண்டு இவர் நிறுவிய திராவிடக் குடும்பம் நிலைத்தது. தொடரமைப்பின் ஒற்றுமையைப் பெரிதும் சார்ந்த சித்திய உறவு நிலைக்கவில்லை. எனினும் அதற்காக இவர் திரட்டிய பண்புகளின் பட்டியல் வீணாகவில்லை. மொழிகளை உறவால் அன்றி அமைப்பால் வகைப்படுத்தும் ஆய்வுக்கு அவற்றுள் பல இன்றும் அடிப்படையாக உள்ளன.

பிற ஆய்வுகளும் திறனாய்வுகளும்

கொற்கை, காயல் ஆகிய பழந்துறைமுகங்களில் கால்டுவெல் அகழாய்வு செய்தார். 1881ஆம் ஆண்டில் திருநெல்வேலிச் சரித்திரத்தை வெளியிட்டார். தமிழ் விவிலியத் திருத்தக் குழுவிலும் பணியாற்றினார்.

1849ஆம் ஆண்டில் வெளியான "திருநெல்வேலிச் சாணார்கள்" என்னும் இவரது நூல், இன்று நாடார் என அழைக்கப்படும் சமூகத்தினரை இழிவாகச் சித்திரித்தமையால் அவர்களிடையே கடும் எதிர்ப்பைச் சந்தித்தது. யாருடைய முன்னேற்றத்துக்காக உழைத்தாரோ அவர்களையே அந்நூல் புண்படுத்தியது. தமிழ் இலக்கியத்தின் தொன்மையை இவர் மிகவும் பிற்பட்டதாகக் கணித்ததும் குறையாகும். ஒப்பிலக்கணத்தின் இரு பதிப்புகளும் வெளிவந்தபோது எட்டுத்தொகை நூல்கள் அச்சேறியிருக்கவில்லை. கலித்தொகை 1887ஆம் ஆண்டிலும் புறநானூறு 1894ஆம் ஆண்டிலுமே பதிப்பிக்கப்பட்டன.

இறுதிக் காலமும் நினைவுகளும்

கிளாஸ்கோ பல்கலைக்கழகம் இவருக்குச் சட்ட முனைவர் பட்டம் வழங்கிச் சிறப்பித்தது. 1877ஆம் ஆண்டில் எட்வர்டு சார்ஜெண்டுடன் சேர்ந்து சென்னைப் பேராயரின் துணை ஆயராகத் திருநிலைப்படுத்தப்பட்டார். 1883ஆம் ஆண்டில் தூத்துக்குடிக்கு இடம் பெயர்ந்தார். 1891ஆம் ஆண்டு ஜனவரியில் பணி ஓய்வு பெற்றுக் கொடைக்கானல் சென்ற இவர், அவ்வாண்டு ஆகஸ்டு 28ஆம் நாள் அங்கேயே காலமானார். உடல் இடையன்குடிக்குக் கொண்டுவரப்பட்டு, இவர் கட்டிய ஆலயத்திலேயே அடக்கம் செய்யப்பட்டது.

1968ஆம் ஆண்டில் சென்னையில் நடந்த இரண்டாம் உலகத் தமிழ் மாநாட்டையொட்டி மெரினா கடற்கரையில் இவருக்குச் சிலை அமைக்கப்பட்டது. 2010ஆம் ஆண்டு மே 7ஆம் நாள் இந்திய அஞ்சல் துறை இவரது நினைவாக அஞ்சல் தலை வெளியிட்டது. இடையன்குடியில் இவர் வாழ்ந்த இல்லம் 2011ஆம் ஆண்டில் அரசு நினைவில்லம் ஆக்கப்பட்டது.

இயற்றிய நூல்களுள் சில

- திருநெல்வேலிச் சாணார்கள் (1849, ஆங்கிலம்)
- நற்கருணைத் தியான மாலை (1853, தமிழ்)
- திராவிட அல்லது தென்னிந்தியக் குடும்ப மொழிகளின் ஒப்பிலக்கணம் (1856, இரண்டாம் பதிப்பு 1875, மூன்றாம் பதிப்பு 1913, ஆங்கிலம்)
- தாமரைத் தடாகம் (1871, தமிழ்)
- திருநெல்வேலி மாவட்ட அரசியல், பொது வரலாறு (1881, ஆங்கிலம்)