தாலுகா ஆபீஸ் குமாஸ்தா வரதராசன்



ரிசல்ட் வந்த வாரம் நம் வாட்ஸ்அப் குழு எப்படி இருந்தது என்று உங்களுக்கே தெரியும். மார்க் பட்டியல் போட்டோ, கைதட்டல் பொம்மை, கேக் வெட்டும் படம். சந்தோஷம்தான், நானும் கைதட்டினேன். ஆனால் அதே வாரம் லிஃப்டில் செருப்பைப் பார்த்தபடியே நின்ற ஒன்றிரண்டு பிள்ளைகளையும் பார்த்தேன். எந்த பிளாக் என்று சொல்லப்போவதில்லை. அவர்களையும் அவர்களைப் பெற்றவர்களையும் நினைத்துத்தான் இந்த இதழுக்கு மு.வ.வை எடுத்துக்கொண்டேன்.

டாக்டர் மு. வரதராசன் என்றால் உங்களில் பலருக்குத் திருக்குறள் தெளிவுரை ஞாபகம் வரும். சட்டைப் பையில் அடங்குகிற அந்தச் சின்னப் புத்தகம் இல்லாத வீடு ஒரு காலத்தில் குறைவு. பலருக்குத் தெரியாதது, அவர் நம் பக்கத்துக்காரர் என்பது. நம் கேட்டுக்கு வெளியே வந்து சென்னைப் பக்கம் பஸ் ஏறினால் வாலாஜா. அதை ஒட்டிய கிராமம் வேலம், அவருடைய குடும்பத்தின் ஊர். எதிர்ப்பக்கம் ஏறினால் ஆம்பூர், வாணியம்பாடி தாண்டித் திருப்பத்தூர். உயர்நிலைப் பள்ளிப் படிப்பும் முதல் உத்தியோகமும் அங்கே. 2019-ல் வேலூரை மூன்றாகப் பிரித்ததில் வேலம் ராணிப்பேட்டை மாவட்டத்துக்குப் போய்விட்டது, திருப்பத்தூர் தனி மாவட்டமாகிவிட்டது. நடுவில் நாம். அவர் காலத்தில் எல்லாமே வட ஆற்காடு.

1912 ஏப்ரல் 25-ல் பிறந்தார். அப்பா முனுசாமி முதலியார், அம்மா அம்மாக்கண்ணு. வைத்த பெயர் திருவேங்கடம், நிலைத்தது தாத்தாவின் பெயரான வரதராசன். 1928-ல், பதினாறு வயதில், எஸ்.எஸ்.எல்.சி. முடித்தார். அந்தக் காலத்தில் எஸ்.எஸ்.எல்.சி. என்றால் சர்க்கார் உத்தியோகத்துக்குப் போதுமான படிப்பு. திருப்பத்தூர் தாலுகா ஆபீசில் எழுத்தராகச் சேர்ந்துவிட்டார்.

இந்த இடத்தில் எனக்குக் கொஞ்சம் நிற்கத் தோன்றுகிறது. நானும் முப்பத்தைந்து வருஷத்துக்கு மேல் லெட்ஜரோடு குடும்பம் நடத்தியவன். குமாஸ்தா வேலை கெட்ட வேலை இல்லை. மாதம் பிறந்தால் சம்பளம், வீட்டில் மரியாதை, கல்யாணச் சந்தையில் ஒரு மதிப்பு. பதினாறு வயதுப் பையனுக்கு அது கிடைத்தால் பெற்றவர்கள் வேறென்ன கேட்பார்கள்? ஆனால் அவருக்கு உடம்பு ஒத்துழைக்கவில்லை. நோய் வந்து வேலையை விட்டுவிட்டு ஓய்வுக்காகக் கிராமத்துக்குத் திரும்பினார். சர்க்கார் வேலையை விட்டுவிட்டு வந்து திண்ணையில் உட்கார்ந்திருக்கும் பிள்ளையைப் பார்த்து ஊர் என்ன பேசியிருக்கும் என்று நீங்களே நினைத்துப் பாருங்கள். அப்போது வாட்ஸ்அப் குழு இல்லாததுதான் ஒரே ஆறுதல்.

அந்தச் சமயத்தில்தான் முருகைய முதலியார் என்பவரிடம் முறையாகத் தமிழ் படிக்கத் தொடங்கினார். கல்லூரி வாசல் மிதிக்காமல், தனியாகப் படித்து, 1931-ல் வித்துவான் முதல்நிலைத் தேர்வு. 1935-ல் வித்துவான் தேர்வில் மாகாணத்திலேயே முதலிடம். அதற்காகத் திருப்பனந்தாள் காசி மடம் கொடுத்த பரிசு ஆயிரம் ரூபாய். இன்றைக்கு ஒரு தடவை காய்கறி மார்க்கெட் போய்வந்தால் தீர்ந்துவிடும் தொகை, அன்றைக்கு ஒரு பள்ளி ஆசிரியரின் பல மாதச் சம்பளம். 1928-லிருந்து 1935 வரை கணக்குப் போட்டால் ஏழு வருஷம். இன்றைய பெற்றோர் கண்ணுக்கு அதில் பெரும்பகுதி ‘வீணாய்ப் போன வருஷங்கள்’.

அதே 1935-ல் மாமன் மகள் ராதாவோடு திருமணம். திருப்பத்தூர் நகராட்சி உயர்நிலைப் பள்ளியில் தமிழாசிரியர் வேலை. அந்நாளில் பள்ளிக்கூடங்களில் தமிழ் வாத்தியார் என்றால் கொஞ்சம் இளப்பம். இங்கிலீஷ் ஆசிரியருக்கும் கணக்கு ஆசிரியருக்கும் இருந்த சம்பளமோ மதிப்போ அவருக்குக் கிடையாது. இருந்தும் அந்தப் பள்ளி ஆசிரியர் வேலையை அவர் கடைசிவரை விடவில்லை என்றே சொல்வேன். முதலில் எழுதிய புத்தகமே குழந்தைப் பாட்டுக்கள்தான், 1939-ல்.

அந்த வருஷமே பி.ஓ.எல். பட்டம் பெற்று, சென்னை பச்சையப்பன் கல்லூரியில் விரிவுரையாளர் ஆனார். பிறகு நடந்ததை வேகமாகச் சொல்லிவிடலாம். 1944-ல் எம்.ஓ.எல். 1948-ல் சங்க இலக்கியத்தில் இயற்கை பற்றிய ஆராய்ச்சிக்குச் சென்னைப் பல்கலைக்கழகத்தின் டாக்டர் பட்டம். 1961-ல் அதே பல்கலைக்கழகத்தில் தமிழ்த்துறைத் தலைவர். 1971-ல் மதுரைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர். தாலுகா ஆபீசில் உடம்பு ஒத்துழைத்திருந்தால் ரெவின்யூ இன்ஸ்பெக்டராகி, தாசில்தாராகி, பென்ஷன் வாங்கியிருப்பார். இருந்திருந்தால் நமக்கு யாரென்று தெரிந்திருக்காது.

இதற்கு நடுவே எழுதிக்கொண்டே இருந்தார். நாவல், கட்டுரை, நாடகம், இலக்கிய ஆராய்ச்சி, மொழியியல். செந்தாமரை, கள்ளோ காவியமோ, கரித்துண்டு எல்லாம் எங்கள் வயதுக்காரர்கள் லெண்டிங் லைப்ரரியில் வரிசையில் நின்று வாங்கிப் படித்தவை. பெற்ற மனம் சிவாஜி நடித்து சினிமாவாகவும் வந்தது. ஒரு குறையையும் சொல்லிவிடுகிறேன். அவர் நாவல்களில் வருகிறவர்கள் பேசுகிற தமிழை வாலாஜாவிலும் யாரும் பேசமாட்டார்கள், வேலூரிலும் பேசமாட்டார்கள். காதலிக்கிற பையன் கூட வகுப்பு எடுப்பதுபோல்தான் பேசுவான். கதையை நிறுத்திவிட்டு இரண்டு பக்கம் அறிவுரை வரும். இந்தக் காலத்துப் பிள்ளைகள் அந்தப் பக்கங்களைத் தள்ளிவிட்டுப் படித்தால் நான் கோபப்படமாட்டேன்.

ஆனால் அகல் விளக்கை மட்டும் தள்ளாமல் படிக்கச் சொல்வேன். 1961-ல் சாகித்திய அகாதமி பரிசு பெற்ற நாவல். பாலாற்றங்கரையில், வாலாஜாவில் தொடங்குகிறது. பக்கத்துக் கிராமத்திலிருந்து டவுன் பள்ளிக்கூடத்தில் படிக்க வருகிறான் சந்திரன். பார்க்க லட்சணமானவன், கணக்கில் புலி, ஆசிரியர்களுக்குச் செல்லம். அவனுக்கு நண்பனாகிறான் வேலய்யன். படிப்பில் சுமார், பார்வைக்கும் சுமார். சேர்ந்து படிப்பது, பரீட்சைப் பயம், விடுமுறைக்கு ஒருவர் ஊருக்கு மற்றவர் போவது என்று அந்தக் காலத்துப் பள்ளி வாழ்க்கை முழுக்க அதில் இருக்கிறது. பிறகு சென்னைக் கல்லூரி. அங்கே கெட்டிக்காரன் தடுமாறுகிறான். தன் அறிவும் அழகும் எதையும் வாங்கித்தரும் என்று நம்பியவன், ஒரு பெண் தங்கையைப்போல் காட்டிய அன்பைத் தவறாக எடுத்துக்கொண்டு, படிப்பை விட்டு ஊரை விட்டே ஓடிவிடுகிறான். கடைசியில் நோயாளியாகத் திரும்பி வந்து சாகிறான். சுமாரான வேலய்யன்தான் அகல் விளக்கு.

இதை எழுதியபோது மு.வ. பெரிய பேராசிரியர். ஆனாலும் முதல் மார்க் வாங்குகிறவன் பக்கம் அவர் போகவில்லை பாருங்கள். சந்திரனைக் கெட்டவனாகவும் காட்டவில்லை. அவன் தவறு செய்யச் செய்ய வேலய்யனுக்கு வருவது ஆத்திரம் இல்லை, வருத்தம்தான். எனக்கு அந்தப் புத்தகத்தில் பிடித்ததே அதுதான்.

என் கதையும் ஒன்று உண்டு. பி.காம். முடித்துவிட்டு பேங்க் பரீட்சை எழுதினேன். முதல் தடவை போச்சு. இரண்டாவது தடவையும் போச்சு. வேலூர் மண்டித் தெருவில் ஒரு கடையில் கணக்கு எழுதப் போனேன். சாயங்காலம் தெரிந்தவர்கள் எதிரே வந்தால் சந்து மாறிப் போவேன். அப்பா ஒன்றும் திட்டவில்லை. ஒருநாள் மு.வ.வின் ‘தம்பிக்கு’ புத்தகத்தைச் சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போய்விட்டார். அண்ணன் தம்பிக்கு எழுதும் கடிதங்கள். இதே வரிசையில் ‘அன்னைக்கு’, ‘தங்கைக்கு’, ‘நண்பர்க்கு’ என்றும் உண்டு. நல்ல புத்தகம், அறிவுரை நிறைய. உண்மையைச் சொன்னால் பாதிதான் படித்தேன். ஆனால் முன்பக்கத்தில் ஆசிரியர் வாழ்க்கைக் குறிப்பு மாதிரி அப்பா பென்சிலால் ஒரு வரி எழுதியிருந்தார், இவரும் குமாஸ்தாவாக இருந்தவர்தான் என்று. அது போதுமானதாக இருந்தது. மூன்றாவது தடவை தேறினேன்.

மு.வ.வின் மகன்கள் மூன்று பேரும் டாக்டர்கள். வேடிக்கை என்னவென்றால் அப்பாவுக்கு நம்பிக்கை இயற்கை மருத்துவத்தில். துணைவேந்தர் பதவியில் இருக்கும்போதே 1974 அக்டோபர் 10-ல் காலமானார். அறுபத்திரண்டு வயது. இன்று எனக்கு ஆகியிருப்பதைவிடக் குறைவு.

அகல் விளக்கு, திருக்குறள் தெளிவுரை, அப்பாவின் அந்தப் பழைய ‘தம்பிக்கு’ மூன்றையும் சங்க அலுவலக அலமாரியில் வைத்திருக்கிறேன். நோட்டில் பெயரும் பிளாட் எண்ணும் எழுதிவிட்டு எடுத்துப் போகலாம். ‘தம்பிக்கு’ மட்டும் பைண்டிங் விட்டிருக்கிறது, பார்த்துப் பிரியுங்கள். பென்சில் எழுத்து இன்னும் அழியவில்லை.