மிஷன் பள்ளி வேலையை உதறிவிட்டு சொந்தப் பள்ளி: ஆறுமுக நாவலர் செய்தது என்ன?

ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம் பழைய பள்ளிக்கூடங்களைப் பற்றிப் பேச்செடுத்தால், மிஷன் பேச்சும் கூடவே வந்துவிடும். 1910 வரை ஸ்ரீவில்லிபுத்தூர் திருநெல்வேலி மாவட்டத்தில்தான் இருந்தது. 19-ம் நூற்றாண்டில் அந்த மாவட்டத்தில் ஊர் ஊராக மிஷனரிகள் பள்ளி திறந்துகொண்டிருந்தார்கள். அதே காலத்தில், கடலுக்கு அந்தப் பக்கம் யாழ்ப்பாணத்திலும் இதே கதைதான். அங்கே ஒரு மிஷன் பள்ளி வாத்தியார், வேலையை விட்டுவிட்டு போட்டியாக ஒரு பள்ளி ஆரம்பித்தார். அவர்தான் ஆறுமுக நாவலர்.

பிறந்தது 1822 டிசம்பர் 18, நல்லூரில். ஆங்கிலம் படித்தது வெஸ்லியன் மிஷன் பள்ளியில். பிறகு அங்கேயே ஆசிரியர். பாதிரியார் பீட்டர் பெர்சிவல் பைபிளைத் தமிழாக்கியபோது உடனிருந்து உழைத்ததும் இவர்தான். ஆமாம், பின்னாளில் மிஷனரிகளைக் கடுமையாக எதிர்த்த அதே நாவலர்!

1847 கடைசியில் வண்ணார்பண்ணை சிவன் கோயிலில் சைவப் பிரசங்கம் தொடங்கினார். ஆனால் பிரசங்கம் மட்டும் போதாது, பிள்ளைகள் படிக்கும் இடமும் வேணும் என்பது அவருக்குப் புரிந்திருந்தது. ஆங்கிலம் படித்தால்தான் அரசு வேலை. அதற்கு மிஷன் பள்ளிக்குத்தான் போகணும். 1848-ல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கி, மிஷன் வேலையையும் விட்டார். கல்யாணமும் செய்துகொள்ளவில்லை.

சுவாரஸ்யமே இனிமேதான். படிப்படியான பாடப்புத்தகம், அச்சகம், எளிய உரைநடை என்று மிஷனரிகளிடம் பார்த்ததையெல்லாம் சைவத்துக்காகத் திருப்பினார். 1849-ல் அச்சு இயந்திரம் வாங்கத் தமிழ்நாடு வந்தபோதுதான் திருவாவடுதுறை ஆதீனம் 'நாவலர்' பட்டம் கொடுத்தது. அவரே எழுதிய 'பாலபாடம்' தலைமுறை தலைமுறையாகப் பிள்ளைகள் கைக்குப் போனது. 1864-ல் சிதம்பரத்திலும் ஒரு பள்ளி.

ஒன்றைச் சொல்லாமல் விட்டால் நியாயமாக இருக்காது. சாதி ஒழுங்கை அவர் கேள்வி கேட்கவில்லை, ஆதரித்தே எழுதினார். மதத்துக்காகப் போராடிய அந்த வேகம் சாதி விஷயத்தில் இல்லை. இந்த விமர்சனம் இன்றைக்கும் தொடர்கிறது.

ஆங்கிலக் கல்விக்கென்று 1872-ல் வண்ணார்பண்ணையில் அவர் தொடங்கிய சைவாங்கில வித்தியாசாலை, பணம் இல்லாமல் சில ஆண்டுகளிலேயே மூடப்பட்டது. நாவலர் 1879 டிசம்பர் 5-ல் இறந்தார். அதற்கு 11 வருஷம் கழித்து, 1890-ல், அதே வண்ணார்பண்ணையில் யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரி வந்தது.