போசளப் பட்டத்தரசி சாந்தலதேவி

சிரவணபெளகுளாவுக்கு யாத்திரை செல்லும் நம்மவர், பெரிய மலையேறிக் கோமடேசுவரரைத் தொழுது மீள்வர். எதிரேயுள்ள சந்திரகிரியிலும் ஏறுவோர், ஆங்கே 'சவதிகந்தவாரண பஸ்தி' என்னும் சாந்திநாதர் ஆலயத்தைக் காண்பர். சக்களத்தியர்க்கு மதயானை என்பது அப்பெயரின் பொருள். ஜினாலயத்திற்கு இப்படியும் ஒரு பெயரா என வியப்புத் தோன்றலாம். போசள மன்னன் விஷ்ணுவர்த்தனனின் பட்டத்தரசி சாந்தலதேவியின் விருதுப்பெயர் அது. 1123ஆம் ஆண்டில் ஆலயத்தை எடுப்பித்து, ஊரும் தானமளித்தவர் அவரே.

சாந்தலையின் தந்தை மாரசிங்கய்யர் சைவர். தாய் மாசிகப்பை அருக சமயத்தவர். மகள் தாயின் நெறியையே பற்றினார். பிரபாசந்திர சித்தாந்ததேவர் அவர்தம் குரு. இசையிலும் ஆடலிலும் வல்லவர் எனக் கல்வெட்டுகள் அவரைப் போற்றுகின்றன. மன்னன் இராமானுசரால் வைணவம் தழுவினான் என்பது மரபு. சாந்தலையோ அருகனடியை விட்டகன்றாரில்லை. எனினும் மன்னன் பேலூரில் பெருங்கோயில் எழுப்பியபோது, அவ்வளாகத்திலேயே சென்னிகராயர் கோயிலை எடுப்பித்தார்.

1131ஆம் ஆண்டில், பெங்களூருக்கு அண்மையிலுள்ள சிவகங்கையில் அவர் மறைந்தார். மன்னனுக்குப்பின் அரசேறிய நரசிம்மன், இலக்குமிதேவி என்னும் மற்றோர் அரசியின் மைந்தன். இதனைக்கொண்டு, பிள்ளைப்பேறின்மையாலும் சக்களத்தித் துயராலும் மனமுடைந்து, சாந்தலை மலையுச்சியினின்று குதித்து மாண்டார் என ஒரு கதை வழங்கலாயிற்று. குதித்த இடம் இதுவென இன்றும் காட்டுகின்றனர்.

கொல்லாமையை முதல் விரதமாகக் கொண்ட சிராவகிக்கு இது சிறிய பழியன்று. கல்வெட்டோ அவர் சிவகங்கையில் மறைந்தார் என்பதோடு நிற்கிறது. குதித்தார் எனக் கூறவில்லை. அதனினும் மிகுதியாகக் கூற நமக்கும் உரிமையில்லை.

மகளை இழந்த மாசிகப்பையின் முடிவைக் கல்வெட்டு தெளிவாகவே உரைக்கிறது. பிரிவாற்றாத அத்தாய் பெளகுளா அடைந்து, குருமார் முன்னிலையில் சல்லேகனை ஏற்று, ஒரு திங்கள் உண்ணாநோன்பிருந்து உடல் நீத்தார். துயரமே அவரை அங்குக் கொணர்ந்தது. ஆயினும் துயரத்தின் வேகத்தில் அவர் உயிர் விட்டாரல்லர். பற்றினை மெல்ல மெல்ல அறுத்து, திருநாமம் நினைந்தே விட்டார். தற்கொலைக்கும் சல்லேகனைக்கும் உள்ள வேற்றுமை இதுவே.

அடுத்த யாத்திரையில் சின்ன மலையிலும் ஏறுங்கள். சாந்திநாதரைத் தொழுதபின், அந்தத் தாயையும் மகளையும் ஒரு கணம் நினையுங்கள்.