உப்பை வைத்து ஆற்றைச் சோதித்த அம்மையார்

இந்த மாதம் வாழ்க்கை வரலாறு பகுதியில் நான் எழுதுவது எல்லன் ஸ்வாலோ ரிச்சர்ட்ஸ் அம்மையாரைப் பற்றி. அமெரிக்காக்காரர். 1911-லேயே இறந்துவிட்டார். அவருக்கும் ராமநாதபுரம் கடற்கரைக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீங்க. தண்ணிதான் சம்பந்தம். அதுவும் உப்பு.

முதலில் எங்க வீட்டு விஷயம் ஒன்று. போன மழைக்கு என் தம்பிக்கு மஞ்சக்காமாலை வந்தது. தண்ணியால வந்தது என்றார்கள். எந்தத் தண்ணி? ஊரணியா, குழாயா, கடற்கரையில் மணலைத் தோண்டி எடுக்கிற ஊத்தா? யாருக்கும் தெரியவில்லை. ஊரணியைக் குறை சொன்னால் எங்க அப்பத்தா ஒத்துக்காது. கண்ணாடி மாதிரி இருக்கு, இனிப்பா இருக்கு, அப்புறம் என்ன என்று கேட்கும். கண்ணும் நாக்கும் போதாது என்று காட்டியவர்தான் இந்த அம்மையார்.

அவர் 1842 டிசம்பர் 3-ஆம் தேதி மாசசூசெட்ஸ் மாநிலத்தில் டன்ஸ்டபிள் என்ற கிராமத்தில் பிறந்தார். அப்பா அம்மா இரண்டு பேருமே டீச்சராக இருந்தவங்க. ஒரே பிள்ளை. அப்பா கடை வைத்தபோது கடையையும் பார்த்துக்கொண்டார். படிக்கப் பணம் சேர்ப்பதற்காகப் பாடம் சொல்லிக் கொடுத்தார், வீடுகளில் துடைக்கிற வேலையும் பார்த்தார். அதனால் வாசர் பெண்கள் கல்லூரியில் சேரும்போது வயது 25 ஆகிவிட்டது. 1870-ல் பட்டம் வாங்கினார்.

அடுத்து பாஸ்டனில் எம்.ஐ.டி. அதுவரை அங்கே ஒரு பெண் கூட படித்ததில்லை. இவரைச் சேர்த்துக்கொண்டு, ஃபீஸ் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். நாம ஏழை என்று இரக்கப்பட்டாங்க போல என்று அவர் நினைத்தார். காரணம் வேற. யாராவது எதிர்ப்பு சொன்னால், இந்தப் பெண் எங்கள் மாணவியே இல்லை என்று சொல்லித் தப்பிக்கலாமே, அதுக்குத்தான்! இதைப் படிச்சப்ப எனக்குக் கோபமா வந்தது. அவர் கோபப்பட்டு நேரத்தை வீணாக்கவில்லை. பேராசிரியர்களுக்குச் சின்னச் சின்ன உதவியெல்லாம் செய்துகொண்டே 1873-ல் பட்டம் வாங்கிவிட்டார். டாக்டர் பட்டம் மட்டும் அங்கே கிடைக்கவே இல்லை. 1875-ல் சுரங்கப் பேராசிரியர் ராபர்ட் ரிச்சர்ட்ஸைக் கல்யாணம் செய்தார். தேனிலவுக்கு அந்தப் பேராசிரியரின் வகுப்பு மாணவர்களும் கூடவே போனார்களாம், பாறைகளைப் படிக்க! 1884-ல் அவர் படித்த இடத்திலேயே ஆசிரியர் ஆனார்.

இப்போது முக்கியமான கட்டம். அங்கே மெரிமாக் என்று ஒரு ஆறு. மேலே லோவல் என்ற ஊர் சாக்கடையை விடும், கீழே லாரன்ஸ் என்ற ஊர் அதையே குடிக்கும். டைபாய்டு வராமல் என்ன செய்யும்? 1887-ல் மாநில சுகாதார வாரியம் ஆறு, ஓடை, ஏரி, கிணறு எல்லாவற்றையும் சோதிக்க முடிவு செய்தது. சோதனைக்கூட வேலை இவர் தலையில். மாநிலம் முழுக்க இருந்து பாட்டில் பாட்டிலாக வந்த தண்ணீர் 20,000-க்கும் மேல். அம்மோனியா, நைட்ரேட், உப்பு என்று ஒவ்வொன்றாகப் பார்த்து எழுதினார்கள்.

உப்பு எதுக்கு? மனுசன் சிறுநீரில் உப்பு இருக்கிறது. சாக்கடை கலந்த ஓடையில் உப்பு கூடும். ஆனால் கடல் பக்கத்தில் கடல் காற்றாலும் தண்ணியில் உப்பு ஏறுமே, எது எதனால் வந்தது என்று எப்படிப் பிரிப்பது? இங்கேதான் அவர் மூளை. சாக்கடை கலக்காத தண்ணீரில் ஒவ்வொரு இடத்திலும் இயல்பாக எவ்வளவு உப்பு என்று பார்த்தார்கள். கடல் ஓரத்தில் அதிகம், உள்ளே போகப் போகக் குறைவு. ஒரே அளவு உள்ள இடங்களைச் சேர்த்துக் கோடு போட்டார்கள், நம்ம புவியியல் புத்தகத்தில் சம உயரக் கோடு இருக்குமே அது மாதிரி. ஒரு ஓடையின் உப்பு அந்த இடத்துக் கோட்டை விடக் கூடினால், மனிதக் கழிவு கலக்கிறது என்று சந்தேகப்படலாம். தண்ணி எவ்வளவு தெளிவாக இருந்தாலும் சரி.

லாரன்ஸ் ஊருக்கு 1893-ல் மணல் வடிகட்டி வந்தது, டைபாய்டு நன்றாகக் குறைந்தது. சூழலியல் என்ற சொல்லை 1892-ல் அமெரிக்க மக்களிடம் கொண்டு வந்ததும் இவரே. 1910-ல் ஸ்மித் கல்லூரி கௌரவ டாக்டர் பட்டம் கொடுத்தது. அடுத்த வருடம் மார்ச் 30-ல் காலமானார்.

நம்ம பக்கம் ஓடுகிற ஆறு கிடையாது, ஊரணிதான். கோடையில் தண்ணி வற்றும்போது உப்பு தானாகவே கூடும், அதனால் எல்லா ஊரணியையும் ஒரே நாளில் எடுத்தால்தான் ஒப்பிட முடியும். அறிவியல் டீச்சரிடம் கேட்டுவிட்டேன். ஆய்வகத்தில் சில்வர் நைட்ரேட் இருக்கிறது, உப்புத் தண்ணியில் விட்டால் பால் மாதிரி வெள்ளையாகும். ஞாயிற்றுக்கிழமை காலை உங்க தெரு ஊரணியில், ஊத்தில், ஆளுக்கு ஒரு பாட்டில் எடுங்கள். அந்தத் தண்ணியாலேயே மூன்று தடவை அலசிவிட்டுப் பிறகு நிரப்பணும். இடமும் நேரமும் எழுதி ஒட்டணும். எங்க ஊரணிப் பாட்டிலை அப்பத்தாவே எடுத்துத் தருவதாகச் சொல்லியிருக்கு.